5 அடி பாத்ரூமுக்கு எந்தக் குளியல் டப்? உப்புத் தண்ணி ஊர்களுக்கான மதிப்பீடு

5 அடி அகல பாத்ரூமில் 5 அடி டப் நுழையாது. கேட்க விளையாட்டாக இருக்கும். கடையில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து வீட்டில் டேப் பிடிக்கும்போதுதான் பலருக்கும் உறைக்கும். செங்கல்லுக்குச் செங்கல் 5 அடி என்றால் 1,524 மி.மீ. இரண்டு பக்கமும் பூச்சு 12 மி.மீ. வீதம், அதன்மேல் பசையும் டைல்ஸுமாக இன்னொரு 12 மி.மீ. வீதம் கழித்தால் மிஞ்சுவது 1,476. கடையில் 5 அடி என்று விற்கும் டப் 1,500. பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே புதுசு ஒட்டுகிற ரீமாடல் வேலையாக இருந்தால் இன்னும் ஒரு விரற்கடை குறையும்.

இதற்கு வழி இருக்கிறது. டப் உட்காரும் உயரத்தில் சுவரில் முக்கால் அங்குலம் காடி எடுத்து விளிம்பை அதற்குள் செருக வேண்டும். பிறகு டைல்ஸை அந்த விளிம்பின்மேல் இறக்க வேண்டும். சுவரில் வழியும் தண்ணி டப்புக்குள்ளேயே விழும், பின்னால் இறங்காது. ஆனால் இதைச் செய்ய வேண்டுமென்றால் டைல்ஸ்காரர் வருவதற்கு முன்பே டப் வீட்டில் இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு டப் பார்க்கக் கிளம்புவதுதான் இங்கே வழக்கம். பாதி வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வடிவத்துக்குப் போகும் முன் தண்ணியைப் பார்த்துவிடலாம். சிறுவாணித் தண்ணி வரும் வீட்டுக்கும், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் 800, 1,000 அடி போரிலிருந்து ஏற்றும் வீட்டுக்கும் ஒரே டப்பைச் சொல்ல முடியாது. கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும். டப்பில் வெள்ளை படியவைப்பது அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான். அதற்குத் தனியாகக் கடினத்தன்மை சோதனை செய்ய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மி.கி. வேறு தண்ணியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்கிறார்கள். எங்கள் கணக்கு இதைவிடக் கறாரானது. 300 தாண்டினால் மோட்டார் வைத்துத் தண்ணியைப் பீய்ச்சும் ஜெட் டப் வேண்டாம். கறுப்பு, சாம்பல் மேட் நிறமும் வேண்டாம். 600 தாண்டினால் தண்ணியின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் டப்பே வேண்டாம், நல்ல ஷவர் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. ஒடுங்கிய அடிப்பாகம் உள்ள 5 அடி அக்ரிலிக் டப்பில் ஆள் உட்கார்ந்து குளிக்க ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்க வேண்டும். 26 டிகிரி தண்ணியை 40 டிகிரிக்குக் கொண்டுவர மூன்று யூனிட் கரண்ட் ஆகும். 25 லிட்டர் கீசரை 65 டிகிரிக்கு வைத்தாலும் கலந்து கிடைப்பது 70 லிட்டர்தான், கணுக்கால் நனையும். கீசரை மட்டும் நம்பி டப் வாங்கினால் முதல் குளியல் ஆறிப்போய், இரண்டாவது குளியல் நடக்காமலே டப்பில் துணி ஊறும். மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் உள்ள வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. சாயங்காலம் பொழுதோட பிடித்தால் 65 லிட்டர் வெந்நீர் ஒரு டப்புக்குப் போதும், மீதி வீட்டுக்கு ஆகும்.

மேடை கட்டிப் பதிக்கும் டப்

எங்கள் முதல் தேர்வு இதுதான். 5 அடி, இடம் கூடுதலாக இருந்தால் 5½ அடி, அக்ரிலிக், வெள்ளை. படத்தில் பார்க்க மற்றவை அளவுக்கு எடுக்காது. ஆனால் கொத்தனார், பிளம்பர், டைல்ஸ்காரர் மூவரும் செய்து பழகிய வேலை. ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைக்க முடிவதால் வயதான அப்பாருக்கும் அம்மிச்சிக்கும் இதுதான் தோது. மேடை உயரம் 18 அங்குலத்தைத் தாண்ட விடாதீர்கள். நாற்காலி உயரம்தான் கணக்கு.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, முன்பக்கச் சுவரில் கதவு விடாமல் டைல்ஸ் ஒட்டி மூடுவது. தண்ணி வெளியேறும் ஓட்டையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கின் ரப்பர் வாஷர் என்றைக்காவது ஒருநாள் தளரும். அப்போது கை நுழைய வழியில்லையென்றால் மேடையை உடைக்க வேண்டியதுதான். வேஸ்ட் இருக்கும் பக்கம் 1 அடிக்கு 1 அடி திறப்பு விட்டு, ஒரு டைலை காந்தப் பிடிப்பில் மாட்டினால் போதும், வெளியே தெரியாது. “எலி பூந்துக்குமுங்க” என்று கொத்தனார் தடை சொல்வார். சுற்றிலும் இடைவெளி 2 மி.மீ.க்குள் இருந்தால் எதுவும் நுழையாது.

இரண்டாவது, அடியில் மணல் கொட்டுவது. டப் ஆடாமல் இருக்கவென்று மேடைக்குள் மணலைக் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள். மணல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கசிவு இருந்தால் மாதக்கணக்கில் வெளியே காட்டாது. கடைசியில் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத்தான் தெரியும். டப்போடு வரும் இரும்புச் சட்டத்தின் கால்களை ரசமட்டம் வைத்துத் திருகி நிறுத்துங்கள். சட்டம் இல்லாத மாடலாக இருந்தால், கம்பெனியின் பொருத்தும் குறிப்பு அனுமதித்தால், 1:5 சிமெண்ட் கலவையை இளக்கமாகப் படுகைபோல் பரப்பி டப்பை அதன்மேல் அழுத்தி உட்காரவைக்கலாம். எப்படியானாலும் எடை அடிப்பாகத்தில் இறங்க வேண்டும். விளிம்பில் தொங்கினால் இரண்டு வருஷத்தில் மூலையில் மயிரிழை விரிசல் விடும்.

மூன்றாவது சிலிக்கான். காலி டப்பைச் சுற்றிச் சிலிக்கான் போடக்கூடாது. தண்ணியும் ஆளுமாக 250 கிலோ ஏறும்போது டப் ஒன்றிரண்டு மி.மீ. கீழே இறங்கும். காலியாக இருக்கும்போது ஒட்டிய சிலிக்கான் அப்போது பிய்ந்துவிடும். டப்பை, மிஞ்சும் தண்ணி வெளியேறும் ஓவர்ஃப்ளோ ஓட்டைவரை நிரப்பிவைத்து, விளிம்புக்கும் டைலுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில் பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கானை ஒரே இழுப்பாக விட வேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் டப்பில் இருக்கும் தண்ணியை வெளியே விட வேண்டும். அந்த இடைவெளியில் வெள்ளை சிமெண்ட் வைத்துத் தேய்ப்பவரை உடனே நிறுத்துங்கள். அது விரிந்து சுருங்காது, மூன்றாம் மாதம் உதிர்ந்துவிடும்.

தனியாக நிற்கும் டப்

கோயம்புத்தூர் ஷோரூம்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பது பெரும்பாலும் இதுதான். ஜாக்குவார், கோலர், ஹிண்ட்வேர் போன்ற கம்பெனிகளில் பல வடிவங்கள் வருகின்றன. முட்டை வடிவம் அழகு என்பதில் சந்தேகமில்லை. கேள்வி எல்லாம் இடம், அழுத்தம் இரண்டைப் பற்றித்தான்.

சுவருக்கும் டப்புக்கும் நடுவே துணி பிடித்த கை போய்வர 6 அங்குலமாவது வேண்டும். 6 அடிக்கு 2½ அடி டப் என்றால் தரையில் 7 அடிக்கு 3½ அடி காலியாக இருக்க வேண்டும். 5 அடி பாத்ரூமில் இதைத் திணித்தால் பின்பக்கம் உப்பும் முடியும் சேர்ந்து பாசி பிடிக்கும், யார் கையும் எட்டாது.

அடுத்து குழாய். தரையிலிருந்து கொக்குக் கழுத்துபோல எழும் ஸ்பவுட் வேண்டுமென்றால் சுடுதண்ணி, பச்சைத் தண்ணி இரண்டு பைப்பும் தரை போடும் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். மாடி பாத்ரூமுக்கும் அதன்மேல் இருக்கும் டேங்குக்கும் உயர வித்தியாசம் 8, 10 அடிதான். 10 அடிக்கு 0.3 பார் அழுத்தம். அரை அங்குலப் பைப்பில் நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் வந்தால் டப் நிறைய அரைமணி நேரம் ஆகும், அதற்குள் முதலில் விழுந்தது ஆறியிருக்கும். அரை எச்பி பிரஷர் பம்ப் போட்டால் 12 நிமிஷத்தில் நிறையும். பம்புக்கு ஊர் தேட வேண்டியதில்லை, கோயம்புத்தூரே பம்புக்குப் பேர்போன ஊர். சத்தம் குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்கி, டேங்குக்கு அடியில் ரப்பர் மெத்தைமேல் வையுங்கள். டப்புக்குப் போகும் லைனை முக்கால் அங்குலமாக்கினால் இன்னும் நல்லது.

வேஸ்ட் ஓட்டை பெரும்பாலும் டப்பின் நடு அடியில் இருக்கும். தரையில் அதற்கு நேர் கீழே 6 அங்குலச் சதுரக் குழி விட்டு, நாற்றம் மேலே வராமல் தடுக்கும் வளைவுக் குழாயான ட்ராப்பை அங்கே உட்காரவைக்க வேண்டும். இடம் ஓரங்குலம் தப்பினால் பிளம்பர் சுருக்கு ஹோஸை மாட்டிச் சமாளிப்பார். அந்த ஹோஸின் மடிப்புகளில் முடியும் சோப்பும் தங்கும், அதை எடுக்கத் தண்ணியில்லாத டப்பை இரண்டு பேர் தூக்கி நகர்த்த வேண்டும். கட்டியான பிவிசி பைப்பில்தான் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டப்பின் பெட்டிக்குள் வரும் அளவுப் படத்தை டப் வருவதற்கு முன்பே வாங்கிப் பிளம்பர் கையில் கொடுங்கள்.

கற்பொடியும் ரெசினும் கலந்து வார்த்த டப்புகளும் இதே வடிவத்தில் கிடைக்கும். தொட்டால் கல் மாதிரி இருக்கும், சூடு தாங்கும், கீறலைத் தேய்த்து எடுக்கலாம். ஆனால் வெறும் டப்பே 100 கிலோவுக்கு மேல். வீடுகளுக்கான தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டு எடைக்கு வடிவமைக்கப்படுகின்றன. 5 அடி அக்ரிலிக் டப், தண்ணி, ஆள் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 260 கிலோ வரும். அறை முழுக்கப் பரவலாகப் பார்த்தால் பெரும்பாலும் தாங்கும். கல் டப் 400 வரை போகும், செங்கல் மேடை வந்தால் இன்னும் கூடும். நம்மூர் பாத்ரூம்களில் தளத்தை 9 அங்குலமோ 1 அடியோ இறக்கிப் போட்டு, அதில் செங்கல் ஜல்லி நிரப்பியிருப்பார்கள். அந்த எடை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மாடி என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று இன்ஜினியரைக் கேட்டுவிட்டு, அந்த ஓரமாக டப்பை வையுங்கள். கீழ்த்தளத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

மூலை டப், ஜெட் டப்

மூலை டப் 4½ அடிக்கு 4½ அடி, 5 அடிக்கு 5 அடி என்று வரும். இடம் மிச்சம் என்பார்கள். மிச்சம் ஒன்றுமில்லை. 280, 300 லிட்டர் குடிக்கும், கால் நீட்ட மூலைவாட்டில்தான் முடியும். விட்டுவிடுங்கள்.

ஜெட் டப்பைப் பற்றி விற்பவர் சொல்லாத ஒன்று. குளித்து முடித்துத் தண்ணியை இறக்கிய பிறகும் உள்பைப்புகளில் கொஞ்சம் தங்கும். சோப்பு, எண்ணெய், உப்பு மூன்றும் அதில் இருக்கும். அடுத்த தடவை ஸ்விட்ச் போட்டதும் ஜெட்டிலிருந்து கறுப்புத் துணுக்குகள் வருவது அதனால்தான். மாதம் ஒருமுறை வெந்நீர் நிரப்பி, கம்பெனி சொல்லும் சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி 15 நிமிஷம் ஓட்ட வேண்டும். போர் தண்ணியில் ஜெட் வாய்கள் சுண்ணாம்பு பூத்து ஒவ்வொன்றாய் அடைபடும். உப்புத் தண்ணியால் வரும் பழுதை வாரண்டியில் சேர்க்காத கம்பெனிகள் பல. பில் போடும் முன் அந்த அட்டையைப் படித்துவிடுங்கள். மோட்டாருக்கு 16 ஆம்பியர் தனி லைன், ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம். டப்பின் விளிம்பிலிருந்து 60 செ.மீ.க்குள் எந்த ஸ்விட்சும் பிளக்கும் இருக்கக்கூடாது. நல்ல தண்ணியும் வாரம் மூன்று நாள் இறங்கும் பழக்கமும் இருந்தால் வாங்கலாம். மற்றவர்களுக்கு வெறும் டப்பே போதும்.

கட்டும் தொட்டி

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வீடுகளில் இது பெருகிவருகிறது. செங்கல்லில் கட்டி, உள்ளே டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டுவது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணித் தொட்டி கட்டிப் பழகிய கைகள்தான், அதனால் துணிந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். உள்ளளவு 5 அடி நீளம், 2¼ அடி அகலம், 1¼ அடி தண்ணி என்றால் 14 கன அடி, அதாவது 400 லிட்டர். பெட்டி வடிவமாதலால் அக்ரிலிக் டப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சூடேற்ற ஆறரை யூனிட். அதோடு செங்கல்லும் கல்லும் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணிக்குக் கட்டுங்கள், சித்திரை வெயிலில் அதற்கு ஈடே இல்லை. வெந்நீர்க் குளியலுக்கு இது ஆகாது.

கட்டுவதானால் சாய்ந்து உட்காரும் பக்கம் சுவரைச் சரிவாக ஏற்றுங்கள். தண்ணியும் குறையும், முதுகும் நோகாது. தொட்டியின் அடித்தரைக்கு ஓரடி நீளத்துக்குக் கால் அங்குலம் வாட்டம். உள்மூலைகளைக் கலவையால் உருட்டிவிட்டு, பாலிமர் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். காய்ந்ததும் தண்ணி கட்டி 72 மணி நேரம் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று சுவரில் பென்சில் கோடு போட்டுப் பாருங்கள். டைல்ஸுக்கு முன் இந்தச் சோதனை, டைல்ஸ் போட்ட பிறகு இன்னொரு முறை. இணைப்புகளுக்கு எபாக்ஸி க்ரவுட் மட்டும். கிரானைட் என்றால் மேல் விளிம்பை அரைவட்டமாக உருட்டச் சொல்லுங்கள், ஈரத் தொடையில் கல் முனை கத்தி மாதிரி.

ஆழமான ஜப்பானியத் தொட்டி வகை 3½ அடி நீளத்திலேயே கழுத்துவரை தண்ணி தரும். சின்ன பாத்ரூமுக்குப் பொருத்தம், ஏறி இறங்கப் படி வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

அரப்பும் எண்ணெயும்

எந்த வகை வாங்கினாலும் சனி, புதன் எண்ணெய்க் குளியலை டப்புக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணெய் பட்ட அக்ரிலிக் பாசி படிந்த கிணற்றுப் படிதான். ஆபத்து அதோடு நிற்காது. தலைக்குத் தேய்க்கும் அரப்பு இலைத் தூள் தண்ணியில் கரையாது, சேறாக இறங்கி ட்ராப்பின் வளைவில் எண்ணெயோடு சேர்ந்து களிமண்போல உட்காரும். சீயக்காயும் அப்படித்தான், அரப்பு இன்னும் ஒரு படி மேல். டப்பின் வேஸ்ட் 40 மி.மீ.தான், அதில் இது அடைத்தால் கம்பி விட்டுக் குத்தும்போது வாஷர் போய்விடும். ஸ்டூல் போட்டுத் தரையில் தேய்த்துக் குளித்துவிட்டு, ஊறுவதற்கு மட்டும் டப்பில் இறங்குங்கள். பிடித்து எழ 32 மி.மீ. எஸ்எஸ் கைப்பிடியைச் செங்கல்லில் துளையிட்டு மாட்டுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் வகை உப்பு படிந்த டைலில் நிற்காது.

டப்பின் தண்ணியைத் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பில் சேர்த்துவிடுவது இன்னொரு தப்பு. வேஸ்ட்டைத் திறந்ததும் நிமிஷத்துக்கு 40 லிட்டர் பாயும். முடி அடைத்த ஜாலி வழியாக நுரை மேலே பொங்கித் தரை முழுக்க நிற்கும். டப்புக்குத் தனி பி-ட்ராப் வைத்து, 75 மி.மீ. பைப்பில் நேராகச் சலதாரை (கழிவுநீர்) லைனுக்குக் கொண்டுபோங்கள்.

படியும் வெள்ளைக்கு டாய்லெட் ஆசிட் ஊற்றாதீர்கள். வேஸ்ட்டின் முலாம் போகும், பளபளப்பும் மங்கும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, துணியை நனைத்து வெள்ளைக் கோட்டின்மேல் 15 நிமிஷம் போட்டு எடுத்தால் வந்துவிடும். எனாமல் பூசிய இரும்பு டப்புக்கு இதுகூட வேண்டாம், அதற்கு சோப்புத் தண்ணிதான். எல்லாவற்றையும் விடச் சுலபம், குளித்தவுடன் வைப்பரால் ஒரு இழுப்பு.

கடையில் பார்க்க வேண்டியது

செருப்பைக் கழற்றிவிட்டு டப்புக்குள் படுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. வெளியே 5 அடி உள்ள டப்பின் உள்தரை 4 அடிகூட இருக்காது. உயரமான ஆளுக்கு முட்டி வெளியே நிற்கும். வெளி உயரத்தைக் கேட்காதீர்கள், உள்தரையிலிருந்து ஓவர்ஃப்ளோ ஓட்டைவரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 14 அங்குலமாவது இருந்தால்தான் வயிறு மூழ்கும்.

ஓவர்ஃப்ளோ ஓட்டையின் வெட்டு விளிம்பில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து கண்ணாடி இழைவரை ஒரே நிறமாக இருந்தால் முழு அக்ரிலிக். மேலே மெல்லிய பளபளப்பும் அடியில் வேறு நிறமுமாக இரண்டு அடுக்கு தெரிந்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்மேல் அக்ரிலிக் பூச்சு. இதை அக்ரிலிக் விலைக்கு வாங்காதீர்கள். வெறும் ஃபைபர் டப் விலை குறைவு, ஆனால் அதன் மேல்பூச்சு சீக்கிரம் வெளுக்கும், வாடகை வீட்டுக்கு ஆகும். பிறகு உள்தரையின் நடுவில் குதிகாலால் அழுத்துங்கள். உள்வாங்கி டொக் என்று சத்தம் வந்தால் அடியில் பலகை இல்லை.

வண்டியில் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாத்ரூம் நிலை 2½ அடிதான் இருக்கும். டப்பைப் பக்கவாட்டில் நிறுத்திக் கொண்டுபோனால் நுழையும், மாடிப்படி திருப்பத்தில்தான் முட்டும், அதை முன்னாடியே அளந்து வையுங்கள். வாசலிலேயே நான்கு பக்கமும் தாங்கல் கொடுத்து நிறுத்தி, வேஸ்ட் மாட்டித் தண்ணி நிரப்பி ஒருநாள் விடுங்கள். கசிவு இருந்தால் அங்கேயே தெரியட்டும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பெயிண்ட் வேலை முடியும்வரை உரிக்காதீர்கள். தின்னர் ஒரு சொட்டு விழுந்தால் அக்ரிலிக் அந்த இடத்தில் உருகி மங்கிவிடும். சீலிங் அடிக்க வருபவர் டப்புக்குள் செருப்போடு ஏறி நிற்பார், எல்லா ஊரிலும் நிற்கிறார்கள். உள்ளே பழைய மெத்தையைப் போட்டு மேலே ஒரு பிளைவுட் பலகையை வைத்துவிடுங்கள். அப்படியும் கீறல் விழுந்தால் 800, 1200, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணி தொட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் போட்டால் முழு அக்ரிலிக்கில் மறைந்துவிடும். ஏபிஎஸ் டப்பில் தேய்த்தால் அடி நிறம் வந்துவிடும்.